டொலரை விற்கச் சொன்ன வருடம்

சென்ற மாதம், வங்கியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் பேச அழைத்திருந்தார்கள். ஓய்வுபெற்றவர்களை இப்படி ஒரு மணித்தியாலம் பேசக் கூப்பிடுவது வழக்கம். வாடிக்கையாளரோடு எப்படிப் பழகுவது, காசுப் பொறுப்பை எப்படிக் கைமாற்றுவது என்று வழமையாகச் சொல்வதைச் சொல்லி முடித்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து கேட்டார்:

“மிஸ், நாட்டில டொலர் இல்லாமப் போன நேரத்தில சனத்திட்ட டொலர் இருந்ததுதானே. வங்கியெல்லாம் கேட்டும் ஏன் அவங்க மாத்தல்ல?”

பாடப்புத்தகத்தில் இருக்கும் பதிலைச் சொன்னேன். நாணயமாற்று வீதத்தை ஓரிடத்தில் இறுக்கிப் பிடித்து வைத்தால் மக்கள் அது ஒருநாள் அவிழும் என்று எதிர்பார்ப்பார்கள், எதிர்பார்க்கிறவர்கள் விற்கமாட்டார்கள், விற்காவிட்டால் அது இன்னும் சீக்கிரம் அவிழும். பிள்ளை அதைக் கவனமாக எழுதிக்கொண்டார். நாவற்குடாவில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, நான் சொன்ன பதிலில் பிழை இல்லை, ஆனால் நடந்தது அவ்வளவுதானா என்று மனம் கேட்டுக்கொண்டே வந்தது. என் பழைய முகாமையாளர் தவராசா சேரைப் பற்றி நான் அங்கே ஒரு சொல்லும் சொல்லவில்லை.

நான் யுத்த காலத்தில் வங்கியில் சேர்ந்தவள். எழுதுவினைஞராகத் தொடங்கி, காசாளராகி, அடகுப் பகுதியில் சில வருடம், கடன் பகுதியில் சில வருடம் என்று மாறி மாறி இருந்து, கடைசிப் பதினைந்து வருடத்தை வெளிநாட்டு நாணயப் பிரிவில் கழித்தேன். ஷெல் விழும் நாளில் பெட்டகத்தை எப்படிப் பூட்டுவது என்பதைக்கூட எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். அந்தக் கதைகளை எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விடுகிறேன்.

தவராசா சேரை முதலில் கண்டது சுனாமிக்குப் பிறகு, வாழைச்சேனைக் கிளையில். அவர் அப்போது இரண்டாம் நிலை அதிகாரி. வாகரைப் பக்கத்திலிருந்து சனம் நனைந்த நோட்டுகளைக் கொண்டுவந்தது. உப்புத் தண்ணீரில் ஊறி, மண் பிடித்து, ஒன்றோடொன்று ஒட்டிப்போன நோட்டுகள். சேதமான நோட்டை ஏற்பதற்கு விதி உண்டு: எவ்வளவு பகுதி மிஞ்சியிருக்கிறது, இலக்கம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். சேர் ஒரு மேசையில் வெள்ளைத் துணியை விரித்து, தட்டையான ஐஸ்கிறீம் குச்சியால் ஒவ்வொரு நோட்டாகப் பிரித்து எடுத்தார். முன்னால் நின்ற மனிதர்கள் எல்லாவற்றையும் இழந்தவர்கள். ஆனால் அவர் யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை. ஒரு நோட்டு ஏற்க முடியாததாக இருந்தால், “இது ஏலாது ஐயா, இந்தா பாருங்க, இலக்கம் இல்ல” என்று காட்டித் திருப்பிக் கொடுத்தார். ஏற்கக்கூடியதை ஒரு சொல்லும் பேசாமல் மாற்றிக் கொடுத்தார். அன்று யாரும் அவரோடு சண்டை பிடிக்கவில்லை. அவர் சொல்வது உண்மை என்று சனத்துக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

பிறகு பல வருடம் கழித்து அவர் ஏறாவூர்க் கிளைக்கு முகாமையாளராக வந்தார். நான் அங்கே வெளிநாட்டு நாணயக் கவுண்டரில் இருந்தேன். கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால் சேர் அதை நின்றுகொண்டே படிப்பார். இரண்டாம் தரம் படிக்கும்போது கையில் இரண்டு பேனை இருக்கும். ‘வேண்டும்’ என்று முடிகிற வசனத்துக்குச் சிவப்புக் கோடு. ‘செய்யலாம்’ என்று முடிகிற வசனத்துக்கு நீலக் கோடு. பிறகு எங்களைக் கூப்பிட்டு, சிவப்பில் உள்ளதை மட்டும் வாசிப்பார். நீலத்தில் உள்ளதைப் பற்றி, “இது எங்கட புத்திக்கு விட்டிருக்கு, யோசிப்பம்” என்பார். வாடிக்கையாளர் நின்றால் அவர் கதிரையில் இருக்கமாட்டார். எங்கள் எல்லோரையும் முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். பத்தொன்பது வயதில் வந்து சேர்ந்த பிள்ளையும் அவருக்கு ‘மிஸ்’தான்.

அவருடைய மனைவி புவனேஸ்வரி அக்காவை நான் நேரில் கண்டதைவிட ரெலிபோனில் கேட்டதுதான் அதிகம். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தேற்றாத்தீவில் இருவரும்தான். அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரத்தில் மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. மற்ற நாட்களில் மத்தியானம் கிளைக்கு எடுத்து, சேர் சாப்பிட்டாரா என்று கேட்பார். சேர் ஆட்களோடு இருந்தால் அழைப்பு என்னிடம் வரும்.

“அவர் வீட்டிலயும் இப்பிடித்தான் கமலா,” என்று ஒருநாள் சொன்னார். “கறிக்கு உப்புக் காணாதெண்டு சொல்லமாட்டார். உப்புப் போடலாம் எண்டு சொல்லுவார். நான் அத நீலக் கோடு எண்டு விட்டிருவன்.”

கொரோனா வந்து ஊரடங்கு போட்டபோது வங்கிகளைத் திறக்கச் சொன்னார்கள். வீதியில் நாயும் ஆமிக்காரரும் தவிர ஒருவரும் இல்லை. பாஸ் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வங்கி ஒழுங்கு செய்த வானில் கல்லடிப் பாலத்தைக் கடந்து போவோம். வாவியில் தோணி ஒன்றும் இருக்காது. பென்சன் எடுக்க வந்தவர்கள் வெயிலில், இடைவெளிக்கு வரைந்த வட்டத்துக்குள் நின்றார்கள். பென்சன் போக, கடன்காரருக்குத் தவணை கட்டச் சலுகைக் காலம் கொடுக்கும் வேலையும் எங்களுக்கு இருந்தது.

மத்திய வங்கி வட்டி வீதத்தைக் குறைத்தது, பிறகும் குறைத்தது. கடன் எடுத்தவருக்கு அது மூச்சு விட இடம் கொடுத்தது. ஆனால் வட்டியில் சீவித்தவர்கள் ஏறாவூரில் நிறையப் பேர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் வைப்புப் புத்தகத்தைக் கவுண்டர் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“முதல் அப்பிடியே கிடக்கு. வட்டி மட்டும் பாதியாப் போச்சி. நான் என்ன பிழை செய்தன் சேர்?”

“நீங்க ஒரு பிழையும் செய்யல்ல,” என்றார் சேர். “கடை கண்ணி தொழில் எல்லாம் படுத்துப்போச்சி. அத எழுப்பத்தான் வட்டியக் குறைக்கிறாங்க. அதுக்கு உங்கட பங்கையும் எடுத்திட்டாங்க.”

“என்னக் கேட்டா எடுத்தாங்க?”

அந்தக் கேள்விக்குச் சுற்றறிக்கையில் இடம் இல்லை.

இரண்டாம் வருடம்தான் டொலர் வற்றியது. சுற்றுலாக்காரர் வரவில்லை. வளைகுடாவில் வேலை இழந்தவர்கள் திரும்பி வந்தார்கள். அங்கே மிஞ்சியவர்கள் அனுப்பிய காசு எங்கள் கவுண்டருக்கு வராமல், வங்கிக்கு வெளியே காசு கைமாற்றும் உண்டியல்காரர் வழியாக வீட்டு வாசலுக்கே போனது. உண்டியல்காரர் ஒரு டொலருக்குக் கொடுத்த ரூபாவை வங்கி கொடுக்க முடியாது. வீதத்தை ஓரிடத்தில் கட்டி வைத்திருந்தார்கள். என் கவுண்டருக்கு முன்னால் வாரம் முழுக்க நிரம்பியிருந்த கதிரைகளில் இப்போது ஒன்றிரண்டு பேர்தான். பிராந்திய அலுவலகத்திலிருந்து ஒவ்வொரு நாளும் அழைப்பு வரும்: இன்றைக்கு எவ்வளவு டொலர் சேர்ந்தது? கிளைக்கு ஓர் இலக்கு வைத்திருந்தார்கள். கணக்கில் டொலர் வைத்திருப்பவர்களை ரூபாவாக மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். சேர் அந்தச் சுற்றறிக்கையை வழக்கம்போல் இரண்டு தரம் படித்தார். ‘கேட்க வேண்டும்’ என்பதற்குச் சிவப்பு. ‘வாடிக்கையாளர் விரும்பினால் மாற்றலாம்’ என்பதற்கு நீலம்.

நாங்கள் கேட்டோம். பலர் தலையை ஆட்டி விட்டுப் போனார்கள். சிலர், வங்கி கேட்கிறதே என்று ஒரு வார்த்தையும் பேசாமல் கையெழுத்து வைத்து மாற்றினார்கள். அவர்களை நான் இன்னும் வீதியில் காண்கிறேன்.

பௌசியா வந்தது அந்த நாட்களில். நாற்பது வயதிருக்கும். கறுப்பு அபாயா, துணியில் தைத்த முகக்கவசம். கணவர் நசீர் கத்தாரில் ஒரு கம்பனியில் பாரவாகனம் ஓட்டியவர். நீண்ட காலம் அங்கே. கொரோனா முதல் அலையில் அங்கேயே இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். ஜனாஸாவை பௌசியா ஒரு போன் திரையில் பார்த்தார். கம்பனி கொடுக்க வேண்டிய சேவைக்காலப் பணம் ஒரு வருடத்துக்கு மேல் இழுபட்டு, கடைசியில் டொலராக எங்கள் கிளைக்கு வந்திருந்தது.

பணம் வந்துவிட்டது என்பதற்காக உடனே கொடுத்துவிட முடியாது. மரணச் சான்றிதழ் அரபியில் இருந்தது; மொழிபெயர்ப்பு வேண்டும்; அதில் முத்திரை வேண்டும். விவாகப் பதிவில் ‘நஸீர்’, அடையாள அட்டையில் ‘நசீர்’, கம்பனிக் கடிதத்தில் இன்னொரு விதம். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். சேர் ஒவ்வொரு கடதாசியையும் வாங்கி, எழுத்தெழுத்தாகப் பார்த்து, எது காணாது, அதை எங்கே எடுக்கலாம், அங்கே யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். பௌசியா நாலைந்து தடவை வந்து போனார். கடைசிக் கடதாசியும் சரியான நாளில் சேர் அவரைத் தன் மேசைக்கு முன்னால் இருக்கச் சொன்னார். என்னையும் கூப்பிட்டார்.

“உங்கட காசு கணக்குக்கு வந்திட்டு தங்கச்சி,” என்றார். “இப்ப ரெண்டு வழி இரிக்கு. டொலராவே கணக்கில வச்சிருக்கலாம். இல்லாட்டி இப்பவே ரூபாவா மாத்தலாம். மாத்தினா ஒவ்வொரு டொலருக்கும் கொஞ்சம் மேலதிகமாயும் கிடைக்கும். நாட்டுக்கு இப்ப டொலர் தேவை. எண்ணெய், சமையல் காஸ், மருந்து எல்லாம் டொலர் குடுத்துத்தான் வாங்கணும். அதால மாத்தச் சொல்லி நாங்க எல்லாரையும் கேட்கிறம். உங்களையும் கேட்கிறன்.” முழுத் தொகைக்கும் எவ்வளவு ரூபா வரும் என்று நான் கணிப்பானில் பெருக்கிச் சொன்னேன்.

பௌசியா சேலைத் தலைப்பைப்போல அபாயாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். “மூத்தவளுக்கு ஊடு கட்டணும் சேர்,” என்றார். “அவர் இரிக்கக்குள்ளயே அத்திவாரம் போட்டது. சுவர் லிண்டல் மட்டத்தில வந்து நிக்கிது. கீழ இன்னும் ரெண்டு புள்ளையள். ஊடு இல்லாட்டி எங்கட ஊருல மாப்புள எடுக்க ஏலாது, உங்களுக்குத் தெரியும்தானே.”

“தெரியும்.”

“நீங்க சொன்னா மாத்துறன். எனக்கு இதெல்லாம் வெளங்காது. ஆனா ஒண்டு கேக்கட்டா?”

“கேளுங்க.”

“நீங்க மவுத்தாகி, உங்கட மனிசிக்கு வந்த காசா இது இருந்தா, அவவ மாத்தச் சொல்லுவீங்களா சேர்?”

முகக்கவசத்தின் மேல் சேரின் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அதைக் கழற்றித் துடைத்தார். அது துடைபட்ட பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சொல்லமாட்டன்,” என்றார்.

“ஏன் சேர்?”

“இந்த விலை நிலைச்சு நிக்கும் எண்டு எனக்கு நம்பிக்கை இல்ல. இதுக்கு மேல நான் சொல்லப்படாது.”

பௌசியா என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். “அப்ப அப்பிடியே கிடக்கட்டும் சேர்,” என்று சொல்லி எழுந்தார். சேரும் எழுந்து வாசல்வரை போனார்.

அன்று பின்னேரம் பிராந்திய முகாமையாளர் எடுத்தபோது, சேர் நடந்ததை நடந்தபடியே சொன்னார். வாடிக்கையாளர் விரும்பவில்லை என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் முடிப்போம்.

மறுபக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. “தவராசா, நீங்க வங்கியின்ட ஆளா, இல்ல வாடிக்கையாளர்ட ஆளா?”

“அவ வங்கியிட்டக் கேட்டிருந்தா வங்கியின்ட பதிலச் சொல்லியிருப்பன் சேர். எனக்கிட்டக் கேட்டவ.”

எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். கொடுத்தார். அந்த வருடம் அவருக்கு வரவிருந்த பதவி உயர்வு வரவில்லை. அதைப்பற்றி அவர் எங்களிடம் பேசியதில்லை. பௌசியாவுக்குச் சொன்ன பதிலைப் பற்றி, அந்த அழைப்புக்கு அடுத்த நாள் மத்தியானம், நான்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். எனக்கு அவர் செய்தது முழுதாகச் சரியென்று படவில்லை.

“சேர், எல்லா முகாமையாளரும் இப்பிடிச் சொன்னா, நாட்டுக்கு டொலர் எங்கால வரும்?”

சாப்பாட்டுப் பார்சல் பிரிக்காமல் அவர் முன்னால் கிடந்தது. “அதத்தான் மிஸ் கமலாதேவி, ராவு முழுக்க நானும் யோசிச்சிட்டுக் கிடந்தன்,” என்றார். “அவவுக்குப் பொய் சொல்லியிருக்கணும் எண்டு ஒரு இடத்திலயும் முடிவு வரல்ல. சொன்னது நல்லதெண்டும் வரல்ல.”

அடுத்த மார்ச் மாதத்தில் டொலர் வீதத்துக்குப் போட்டிருந்த கட்டை அவிழ்த்துவிட்டார்கள். ரூபா விழுந்தது. காலையில் எழுதிய வீதத்தைப் பின்னேரம் அழித்து எழுத வேண்டியிருந்தது. அடுத்த மாதம் வட்டி வீதத்தை ஒரே மூச்சில் ஏறக்குறைய இரட்டிப்பாக்கினார்கள். கொரோனாவில் மலிந்த வட்டிக்குக் கடன் எடுத்துக் கடையை நிமிர்த்தியவர்கள், தவணைக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் கடற்கரையில் வள்ளங்கள் இழுத்துப் போட்டபடி கிடந்தன. நான் நாவற்குடாவிலிருந்து ஏறாவூருக்குக் கிடைத்த வாகனத்தில் தொற்றிப் போனேன். சில நாள் பாதி வழி நடந்தேன்.

ஆஸ்பத்திரிகளில் சாமான் தட்டுப்பாடு என்று பத்திரிகையில் வந்தது. இரத்தச் சுத்திகரிப்புக்குத் தேவையான குழாயும் திரவமும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியவை. இருக்கிறதை எல்லா நோயாளருக்கும் பங்கிட்டார்கள். புவனேஸ்வரி அக்காவுக்கு வாரத்தில் மூன்று தடவை இரண்டானது. பிறகு அந்த இரண்டிலும் நேரம் குறைந்தது. குறை சொல்ல ஆள் இல்லை. அங்கே வேலை செய்தவர்கள் தங்கள் கைக்காசில் கையுறை வாங்கியதை அக்காவே எனக்குச் சொன்னார்.

“உடம்பெல்லாம் ஊதிக் கிடக்கு கமலா,” என்றார் ஒருநாள். மூச்சு விட்டு விட்டு வந்தது. “இவர் பெற்றோல் லைன்ல நிண்டு நிண்டு கறுத்துப்போனார். ஆஸ்பத்திரியில எங்க ரெண்டு பேரையும் பாத்திட்டு, அவரத்தான் கட்டில்ல படுக்கச் சொல்றாங்க.”

சேர் விடுமுறை எடுத்தார். ஆட்டோவுக்கு எண்ணெய் கிடைக்காத நாளில் தேற்றாத்தீவிலிருந்து அக்காவைக் கொண்டுவர முடியாது. அதனால் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஓர் அறை எடுத்து இருவரும் தங்கினார்கள். முகாமையாளர் கதிரையில் பதிலுக்கு என்னை இருத்தினார்கள்.

அப்போதுதான் பௌசியா மறுபடி வந்தார். சேர் எங்கே என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஏறாவூர் சின்ன ஊர்.

“சேர்ர மனிசிக்கி மருந்துச் சாமான் இல்லையாமே மிஸ். டொலர் இல்லாததாலதானாம். உண்மையா?”

“உண்மைதான்.”

“அப்ப எனக்கிட்ட இரிக்கிறத எடுங்க.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளக்கினேன். நீங்கள் தரும் டொலர் ஆஸ்பத்திரிக்குப் போகாது பௌசியா. அது வங்கியின் பொதுக் கணக்கில் சேரும். அங்கிருந்து கொழும்புக்குப் போகும். எண்ணெய்க் கப்பலுக்கோ மாவுக்கோ எதுக்கோ கொடுப்பார்கள். அக்காவுக்குத்தான் என்று யாராலும் சொல்ல முடியாது.

“ஆருக்குப் போனாலும் பரவாயில்ல மிஸ். ஆருக்காவது போகும்தானே. முழுசும் வேணாம், ஊட்டுக்கு வேணும். பாதிய எடுங்க.”

அன்றைய வீதத்தில் பெருக்கி, கணிப்பானை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

“இது பாதிக்கா?”

“ஓம். பாதிக்குத்தான்.”

“அண்டைக்கு முழுசுக்கும் இவ்வளவுதானே சொன்னீங்க.”

“விலை ஏறிட்டுது பௌசியா. அண்டைக்கு மாத்தியிருந்தா உங்களுக்கு நட்டம். சேர் சொன்னது சரி.”

அவர் முகத்தில் சந்தோசம் வரவில்லை. “நான் குடுக்கத்தான் வந்தன் மிஸ்,” என்றார். “நீங்க எனக்குக் கூடத் தாறீங்க.”

நாணயப் பெறுமதி இறக்கம் பற்றி நான் பரீட்சை எழுதியிருக்கிறேன், வகுப்பு எடுத்திருக்கிறேன். இந்தக் காசுக்கு இப்போது முன்னைப்போல் சீமெந்து கிடைக்காது, அதனால் இது பெரிய இலாபமும் இல்லை என்று எதையோ சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. கையெழுத்து வைத்தார். காசை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு, வாடிக்கையாளர் கதிரையில் போய் இருந்தார். வெகுநேரம் அங்கேயே இருந்தார். நான் வேறு ஆட்களைக் கவனித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது போய்விட்டிருந்தார்.

புவனேஸ்வரி அக்கா சில வாரத்தில் போய்விட்டார். நீர் நுரையீரலில் ஏறி, விடியப்புறம் ஆஸ்பத்திரியிலேயே முடிந்தது. சாமான் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று என்னால் சொல்ல முடியாது. நோய் முற்றிய உடம்பு. ஆனால் அவர் இன்னும் சில காலம் ரெலிபோனில் பேசியிருப்பார் என்று நான் நினைக்கிறேன். அந்த நினைப்பை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது.

செத்த வீட்டுக்குக் கிளையிலிருந்து நாலு பேர் ஒரு ஆட்டோவில் போனோம். தேற்றாத்தீவில் சேரின் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். சேர் வேட்டியோடு வாசல் படலைக்குப் பக்கத்தில் நின்றார். வருகிற ஒவ்வொருவரிடமும், “எதில வந்தீங்க? எண்ணெய் கிடைச்சதா? திரும்பிப் போக வழி இருக்கா?” என்று கேட்டார். அதைத் தவிர வேறு பேச்சு அவரிடம் இல்லை. பிராந்திய முகாமையாளரும் வந்திருந்தார். அவர் சேரின் கையைப் பிடித்தபடி நின்றார். சேர் அவரிடமும் எண்ணெய் கிடைத்ததா என்று கேட்டார்.

மயானத்துக்குத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போன பிறகுதான் பௌசியா வந்தார். ஏறாவூரிலிருந்து மட்டக்களப்புக்கு லொறி ஒன்றில், அங்கிருந்து யாரோ கூலிக்குப் போன உழவு இயந்திரத்தில், மிச்சத்தை நடந்து. செருப்பெல்லாம் மண். பெண்கள் இருந்த பாயில் என் பக்கத்தில் வந்து இருந்தார். யாரும் அவரை யாரென்று கேட்கவில்லை. ஒருவர் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார், அவர் குடித்தார்.

பொழுது சாயத் தொடங்கியதும், திரும்பிப் போக வாகனம் பார்க்க வேண்டும் என்று எழுந்தார். எங்களைக் கொண்டுவந்த ஆட்டோக்காரரும் எண்ணெய் முடிந்தது என்று சொல்லிவிட்டார். நானும் அவரோடு வீதிக்கு நடந்தேன். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வீதி அது. எந்த நேரமும் இரைச்சலாக இருக்கும் வீதியில் அன்று சைக்கிள்கள் மட்டும் போயின. இருவரும் ஒரு பூட்டிய கடைக்கு முன்னால் நின்றோம்.

“சேர் என்னக் காணல்ல,” என்றார். “நல்லதாப் போச்சி.”

“ஏன்?”

“கண்டா என்ன சொல்லுறதெண்டு வரக்குள்ளயே யோசிச்சிட்டு வந்தன். ஒண்டும் வரல்ல.” வீதியைப் பார்த்தபடி கேட்டார்: “மிஸ், நான் அண்டைக்கே மாத்தியிருந்தா?”

எனக்குத் தெரிந்ததை அவருக்குச் சொன்னேன். அவருடைய தொகை ஒரு கப்பலின் ஒரு மணித்தியாலச் செலவுக்கும் காணாது. அதை மாற்றியிருந்தால் மகளின் வீடு லிண்டல் மட்டத்திலேயே நின்றிருக்கும், ஆஸ்பத்திரிக்கு ஒரு குழாய்கூடக் கூட வந்திருக்காது. இது ஆறுதலுக்குச் சொல்லும் பேச்சு இல்லை, கணக்கு. “உங்க ஒருத்தர்ர காசால ஒண்டும் மாறியிருக்காது பௌசியா,” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நான் சொன்னது அவருக்கு நன்றாக விளங்கியிருந்தது.

“எல்லாரும் அப்பிடித்தான் மிஸ் நினைச்சிரிப்பம்,” என்றார்.

தெற்குப் பக்கமிருந்து ஒரு பஸ்ஸின் வெளிச்சம் தெரிந்தது. இருவரும் வீதி ஓரத்துக்கு வந்து கையைக் காட்டினோம். இரண்டு வாசலிலும் சனம் தொங்கிக்கொண்டிருந்தது. சாரதி எங்களைக் கண்டு, இடமில்லை என்று கையை விரித்துக் காட்டிவிட்டு, நிறுத்தாமல் போனார்.